வேலையை விடுவதென்று முடிவெடுத்தாச்சு: கடைசி நாள் வரைக்கும் எப்படி ஓட்டுவது?

வேலையை விட்டுவிடலாம் என்கிற முடிவு ஒரே ராத்திரியில் வந்துவிடும். ஆனால் அந்த ராத்திரிக்கும் கேட்டைத் தாண்டி நிஜமாகவே வெளியே வருகிற நாளுக்கும் நடுவில் இரண்டு மாதமோ நாலு மாதமோ, சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அந்த நடுக்காலத்தில்தான் ஆள் நொந்துபோகிறான். காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போதே வயிற்றைப் பிசையும். நேற்றுவரை பொறுத்துக்கொண்ட சூப்பர்வைசரின் குரல் இன்றைக்குக் காதிலேயே ஏறாது. முதல் வேலையை முதல் தடவையாக விடுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் இதை வீட்டிலும் யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சம்பளப் பட்டியல், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பார்க்கிற மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். விலகிப் போகிறவர்கள் கடைசியாக வந்து நிற்பது எங்கள் மேசை முன்னால்தான். கோபத்தில் சட்டென்று போனவர்கள் ஒரு காகிதத்துக்காகத் திரும்பத் திரும்ப வருவதையும், நிதானமாகப் போனவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிளம்புவதையும் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். இந்த நடுக்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள வேண்டிய நாட்களாக நினைக்காதீர்கள். அங்கே உங்கள் பேரில் இருக்கிற காசு, காகிதம், நல்ல பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிற நாட்கள் இவை. தினமும் போவதற்கு ஒரு காரணம் இருந்தால் நாளும் தானாக ஓடும்.

முதலில் ஒரு தேதி

"சீக்கிரம் விட்டுடணும்" என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சீக்கிரம் வரவே வராது. காலண்டரில் ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். ஒரு மாதம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே பார்த்தால் கன்ஃபர்மேஷன் ஆகி வேலை நிரந்தரமானபிறகு மூன்று மாதம் என்று இருக்கும். நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போக வழி இருக்கிறதா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

தேதியை முடிவு செய்யும்போது இரண்டு விஷயம் கணக்கில் வரவேண்டும். ஒன்று கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை. நிரந்தரப் பணியாளருக்குத் தொடர்ச்சியாக 5 வருட சர்வீஸ் வேண்டும். கடைசியாக வாங்கின பேசிக்கையும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவையும் (அகவிலைப்படி) கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கினால் ஏறக்குறைய உங்கள் தொகை வந்துவிடும். 20,000 ரூபாய் பேசிக் வாங்குகிறவருக்கு 5 வருடத்துக்கு ஏறக்குறைய 57,700 ரூபாய். 4 வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. இருந்தாலும் அதைக் காட்டிச் சண்டை போட்டு வாங்குவதைவிட, இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால் முடித்துவிட்டே போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று போனஸ். எங்கள் பக்கம் நிறையப் பேர் தீபாவளி போனஸை வாங்கிவிட்டுத்தான் பேப்பர் போடுவார்கள் (ராஜினாமா கொடுப்பார்கள்). அதற்காக ஆறு மாதம் நரகத்தில் இருக்கவேண்டியதில்லை. போனஸ் வரம்புக்குள் சம்பளம் வாங்குகிறவர் அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே வேலை பார்த்த காலத்துக்கு உண்டான போனஸுக்கு உரிமை உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். விலகிப் போனவருக்குக் கொடுக்கும் வழக்கமில்லை என்று யாராவது சொன்னால், எழுதிக் கேளுங்கள்.

வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுவும் பஸ்ஸில்

வேலூர் வட்டாரம் சின்னது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மெர்ச்சண்டைசர் பேரணாம்பட்டிலிருந்து வருவார், அவர் மச்சான் ராணிப்பேட்டை சிப்காட்டில் இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பார், இருவருக்கும் பொதுவான ஒரு எச்.ஆர். நண்பர் சத்துவாச்சாரியில் இருப்பார். குடியாத்தத்தில் பஸ் ஏறும்போது பக்கத்து சீட்காரரிடம் "வேற எடம் பாத்துட்டு இருக்கேன்" என்று சொன்னால், பஸ் கம்பெனிக்குள் நுழைவதற்குள் அது மேனேஜருக்குப் போய்விடும். அப்புறம் உங்களுக்கு வரவேண்டிய இன்கிரிமென்ட் நிற்கும், முக்கியமான வேலை கைமாறும், லீவு கேட்டால் கேள்வி வரும்.

"இன்னாப்பா, வேற எங்கனா பாக்குறியா?" என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "இப்போதைக்கு இருக்குற வேலையே தலைக்கு மேல இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். பொய் சொல்லவேண்டாம், விளக்கமும் தரவேண்டாம். கம்பெனி கம்ப்யூட்டரில் ரெஸ்யூமே திறக்கக் கூடாது, கம்பெனி மெயிலில் கன்சல்டன்சிக்குப் பதில் போடக் கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தத்துவம் வைக்கக் கூடாது. உடன் வேலை பார்க்கிறவர்களிடம் "நீயும் கிளம்பிடு" என்று ஓதாதீர்கள். அவர்களுக்கு வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளை படிப்பு இருக்கும், உங்கள் முடிவு அவர்களுடைய முடிவு ஆகாது.

வீட்டில் மட்டும் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற நேரமென்றால் அப்பா அம்மா பதறுவார்கள், "இருக்கிற வேலையைப் போய் யாராவது விடுவாங்களா" என்பார்கள். வெறும் கையோடு சொல்லாமல் தேதி, கையிருப்பு, அடுத்து என்ன என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

காகிதம்: வேலையில் இருக்கும்போதே முடிக்கவேண்டியது

இதில்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் ஆட்கள் அலைவது இதில்தான்.

பிஎஃப்பில் உங்கள் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் பெரிய தலைவலி. பத்தாவது மார்க்‌ஷீட்டில் "எஸ். முருகன்" என்று இருக்கும், ஆதாரில் "முருகன் சண்முகம்" என்று இருக்கும், பிஎஃப்பில் யாரோ அவசரத்தில் "முருகன் எஸ்" என்று ஏற்றியிருப்பார்கள். பிறந்த தேதியும் ஸ்கூலில் சேர்க்கும்போது கொடுத்தது ஒன்று, ஆதாரில் வேறொன்று. வேலையில் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. பணம் எடுக்கப்போகிற அன்றைக்குத்தான் கிளெய்ம் ரிஜெக்ட் ஆகி நிற்கும். பெரிய திருத்தமென்றால் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒன்று போடவேண்டியிருக்கும், அதற்குக் கம்பெனி ஒப்புதல் தேவைப்படும். விலகிப் போனபிறகு அதற்காக வந்து நின்றால், புதிதாக வந்த கிளார்க்குக்கு உங்களை யாரென்றே தெரியாது. ஆகவே இந்த வாரமே யுஏஎன் (உங்கள் பிஎஃப்புக்கான நிரந்தர எண்) போர்ட்டலில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி நான்கையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம் நிஜமாகவே கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய கம்பெனியில் இன்னொரு யுஏஎன் இருந்தால் அதையும் இப்போதே இணைத்துவிடுங்கள். நாமினி போடாமல் இருந்தால் போடுங்கள்.

அப்புறம் உங்களுக்குச் சொந்தமான ஆவணங்கள்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கன்ஃபர்மேஷன், ஒவ்வொரு இன்கிரிமென்ட் லெட்டர், கடைசி ஆறு மாதமாவது பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), டிரெயினிங் சர்டிஃபிகேட். கம்பெனி லாகினில் மட்டும்தான் பே ஸ்லிப் வருமென்றால் கடைசி நாளன்று அந்த லாகின் செத்துவிடும், முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுடையதல்லாததைத் தொடாதீர்கள். பையர் விலைப் பட்டியல், காஸ்டிங் ஷீட், லெதர் சப்ளையர் விவரம் இதையெல்லாம் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போவது சிலருக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. அது தப்பு, கேஸ் வாங்கித் தரும், இந்தச் சின்ன வட்டாரத்தில் அந்தப் பெயர் ஆயுசுக்கும் கூட வரும்.

ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற நர்ஸ் தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும், வேலூரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நிறைய. உங்கள் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, எந்த வார்டு எல்லாம் துல்லியமாக இருக்கவேண்டும். டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு என்பது அந்தக் காகிதம் உண்மையா என்று நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியையே கேட்பது. அங்கே பதில் போடுகிறவர் நீங்கள் சண்டை போட்டுவிட்டு வந்த அதே அலுவலகத்தில்தான் இருப்பார். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிற இடமென்றால், ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே, ஏதாவது விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறப் பாருங்கள்.

பாண்டு, அதாவது இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்கிற ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டவர்களுக்கு: "பாண்டெல்லாம் செல்லாதுப்பா" என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, எல்லாப் பாண்டும் அப்படியே செல்லுமென்று அர்த்தமில்லை, நியாயமான நஷ்டஈடுதானா என்று கோர்ட் பார்க்கும். உங்கள் பாண்டை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

காசு

நோட்டீஸ் மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, செட்டில்மென்ட்டோடு சேர்த்துத் தருகிற பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தை 2 வேலைநாளுக்குள் கொடுக்கவேண்டும். சட்டம் அப்படி இருந்தாலும் பணம் கைக்கு வரத் தாமதமாகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். மூன்று மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் பேப்பர் போடாதீர்கள்.

புதிதாகச் சீட்டில் சேராதீர்கள், ஏற்கெனவே கட்டுகிற சீட்டு எப்போது முடிகிறது என்று பாருங்கள். கம்பெனியில் வாங்கின அட்வான்ஸ், சொசைட்டிக் கடன் இருந்தால் செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொள்வார்கள், இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். வீட்டுக் கடனோ பைக் கடனோ வாங்கும் உத்தேசம் இருந்தால் பே ஸ்லிப் வந்துகொண்டிருக்கும்போதே யோசியுங்கள், ஆனால் அடுத்த வேலை உறுதியாகாமல் இஎம்ஐ சுமையை ஏற்றிக்கொள்வதை நான் சொல்லமாட்டேன். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காக மாறி மினிமம் பேலன்ஸ் கேட்கும், அதையும் வங்கியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இஎஸ்ஐ. வேலை போன அன்றே அட்டை செல்லாது என்று நினைக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டின சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கவேண்டும். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் பாக்கி இருந்தால் இந்தக் கணக்கை வைத்துத்தான் விலகும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

வேலை நேரத்தில் எப்படி இருப்பது

வழக்கமான வேலையை வழக்கம்போல் முடியுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி பத்து மணிவரை நிற்கிற பழக்கத்தை மட்டும் மெதுவாகக் குறைக்கலாம். நீளமான புதுப் பொறுப்பை ஏற்காதீர்கள், "இப்போ கையில இருக்குறத முடிச்சுடறேன் சார்" என்றால் போதும். பழைய பஞ்சாயத்துகளைக் கிளறவேண்டாம். இன்னும் மூன்று மாதத்தில் நீங்கள் இல்லாத இடத்தில் யார் சரி, யார் தப்பு என்று நிரூபித்து என்ன ஆகப்போகிறது?

மனசு ரொம்பக் கனக்கிற நாளில் ஒரு நோட்டில் இன்றைக்கு இங்கிருந்து என்ன எடுத்தேன் என்று எழுதுங்கள். இன்றைக்கு யுஏஎன் திருத்தம் கொடுத்தேன், இன்றைக்கு கட்டிங் செக்‌ஷன் பெரியவரிடம் தோலில் எந்தப் பக்கம் இழுவை அதிகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், இன்றைக்கு அந்த எக்செல் ஃபார்முலாவைக் கற்றுக்கொண்டேன். இப்படி வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிற மனநிலை வந்துவிட்டால் திட்டு வாங்கினாலும் அவ்வளவாக உறைக்காது. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் புலம்பலில் உட்காராமல் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், வேலூர் வெயிலில் நிழல் பார்த்துத்தான்.

இன்டர்வியூவுக்கு லீவு போடும்போது பாட்டியைச் சாகடிக்காதீர்கள். "சொந்த வேலை இருக்கு" என்பது போதுமான காரணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்டர்வியூ என்றால் சென்னை வரை ரயிலில் போய்த் திரும்பிவராமல், ஹைவேயில் போகிற பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். சென்னைக்குள் என்றால் ஜோலார்பேட்டையிலிருந்து விடிகாலையில் கிளம்புகிற ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஆம்பூர், காட்பாடிக்காரர்களுக்கு வசதி.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை சொல்லமாட்டேன். கைநீட்டுகிறவர், அசிங்கமாகப் பேசுகிறவர், பெண்களிடம் தவறாக நடக்கிறவர் இருக்கிற இடமென்றால் தேதிக்காகக் காத்திருக்கவேண்டாம். பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையை விசாரிக்க, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் 2013ஆம் வருடச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கவேண்டும், சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். தூக்கம் போய், உடம்பு கெட்டுப்போனாலும் அப்படித்தான், நோட்டீஸ் பணத்தைக் கட்டிவிட்டாவது கிளம்புங்கள்.

பேப்பர் போடும் நாள்

புதிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர், சம்பளமும் சேரும் தேதியும் போட்டு, எழுத்தில் கைக்கு வரவேண்டும். "வந்துடுங்க, பாத்துக்கலாம்" என்கிற போன் பேச்சை நம்பி யாரும் ராஜினாமா கொடுக்கக் கூடாது.

முதலில் மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள், மற்றவர் வாயால் அவருக்குத் தெரியக் கூடாது. காலையில் புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கு முன்னால் வேண்டாம், மத்தியானம் அவர் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபிறகு. "சார், நான் ரிசைன் பண்றதா முடிவு பண்ணியிருக்கேன். நோட்டீஸ் முழுசா இருந்து ஹேண்டோவர் முடிச்சுட்டுப் போறேன்." இவ்வளவுதான். காரணம் கேட்டால் அடுத்த வாய்ப்பு என்று சொல்லுங்கள். குறைகளை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்லுவார், பேச்சு ஒரு மணி நேரம் போகும். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றால், உடனே ஆமாம் இல்லை என்று சொல்லாமல் நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். வீட்டுக்குப் போய், விடுவதற்கான காரணம் சம்பளம் மட்டும்தானா என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது மட்டுமாக இருக்காது.

அன்றைக்கே மெயிலில் ராஜினாமாவை அனுப்புங்கள், கடைசி வேலைநாள் இன்ன தேதி என்று போட்டு. நான்கு வரி போதும். மெயில் இல்லாத இடமென்றால் இரண்டு காப்பி எழுதி ஒன்றில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். வாங்கமாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

ஹேண்டோவரை எழுத்தில் கொடுங்கள்: எந்த ஆர்டர் எந்த நிலையில், யாரிடம் என்ன பாக்கி, எந்த ஃபைல் எங்கே. நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்கிற) படிவம் ஸ்டோர்ஸ், கேன்டீன், ஐடி, அக்கவுன்ட்ஸ், டைம் ஆபீஸ் என்று சுற்றிவரும். யாராவது ஒருவர் லீவில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும், அதனால் கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாமல் மூன்று நாள் முன்பே கையில் வாங்கிக்கொண்டு நீங்களே சுற்றுங்கள். கையெழுத்தெல்லாம் வந்ததும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரில் பெயரும் தேதிகளும் சரியா என்று அங்கேயே நின்று படியுங்கள். மீதமிருக்கிற இஎல் (ஈட்டிய விடுப்பு) நாட்களுக்குப் பணம் கணக்கில் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புதிய இடத்தில் சேர்ந்ததும் இந்த நிதியாண்டில் பழைய கம்பெனியில் வாங்கின சம்பள விவரத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மார்ச்சில் வரி மொத்தமாகப் பிடிப்பார்கள் அல்லது ரிட்டர்ன் போடும்போது கையிலிருந்து கட்டவேண்டிவரும். பிஎஃப்பை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். 5 வருடம் முடியாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பான் இருந்தாலே 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், தவிர பென்ஷனுக்குத் தேவையான 10 வருட சர்வீஸ் கணக்கும் அறுந்துபோகும். விலகிய தேதியைக் கம்பெனி ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு மாதம் கழித்தும் ஏற்றவில்லை என்றால் போர்ட்டலில் நீங்களே ஏற்றலாம். அதிலும் சிக்கல் என்றால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி பிஎஃப் அலுவலகம் மாவட்டந்தோறும் நடத்துகிற குறைதீர் முகாமுக்குப் போங்கள். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் தனித்தனியாக நடக்கும், இடம் எது என்று முன்பே விசாரித்துக்கொண்டு, யுஏஎன் எண், ஆதார், ரிலீவிங் லெட்டர் நகலோடு காலையிலேயே போய்விடுங்கள்.